எடைக்குப் போட்ட டப்பா

"ஆகஸ்ட் 6, புதன். இன்று ஒரு பிழை செய்தேன். வெங்கியின் செருப்பை நனைத்துவிட்டேன்."

எழுதியதை ஹரி திரும்பப் படித்தான். யாராவது பார்த்தால் மழைத்தண்ணீர் என்றல்லவா நினைப்பார்கள்? 'சிறுநீரால்' என்று மேலே செருகினான்.

பிறவியிலேயே அவனுக்குச் சிறுநீர்த் துளை நுனியில் இல்லை, அடியில் இருந்தது; உட்கார்ந்துதான் போக முடியும். சின்ன வயதில் இரண்டு ஆபரேஷன் செய்தும் தையல் நிற்கவில்லை. தாராவியில் அவர்கள் சந்தின் பொதுக் கழிப்பறையில் மற்ற ஆண்கள் சுவரோரம் நின்று முடித்துக்கொண்டு போய்விட, இவன் மட்டும் தண்ணீர் டப்பாவோடு வரிசையில் காத்திருப்பான். 'டப்பா ஹரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்தார்கள். அவனும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஏப்ரலில் மூன்றாவது ஆபரேஷன். பத்தொன்பது வயதில் முதன்முறையாக நின்றுகொண்டு சிறுநீர் கழித்தான். அம்மா பேராச்சி அன்றைக்கே டப்பாவைப் பழைய சாமான் வாங்கும் பங்கார் கடையில் எடைக்குப் போட்டாள். டாக்டர் மட்டும் எச்சரித்திருந்தார்: "தாரை ரெண்டாப் பிரிஞ்சா உடனே வா."

இன்று மாட்டுங்காவில், மாலை வகுப்பின் இடைவேளையில், கழிப்பறையில் நின்றபோது அது பிரிந்தது.

"டேய், டேய்! நோக்கு நேரே போகத் தெரியாதா? புதுச் செருப்புடா!" பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் வெங்கி துள்ளிக் குதித்தான்.

"ஸாரிடா..."

"ஆத்துல கேட்டா மழைன்னு சொல்லிக்கறேன். நாளைலேர்ந்து நீ அந்தக் கோடியில நில்லு."

வெங்கி சிரித்துவிட்டு மறந்துபோனான். ஹரிக்கு அதன்பிறகு பாடம் காதில் ஏறவில்லை. தையல் விட்டுப்போச்சா? நின்று பழகாததால் கோணலாகப் போயிற்றா? குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கத்தான் துணிவில்லை.

வீட்டுக்கு வந்தும் தண்ணீரைத் தொடவில்லை. அப்படியும் முட்டியது. நோட்டை மூடிவிட்டு, கட்டிலுக்கு அடியில் துழாவினான்.

"எதுக்குல அங்க குனிஞ்சு கெடக்க?" என்றாள் பேராச்சி.

"டப்பா எங்கம்மா?"

"அதான் எடைக்குப் போட்டாச்சுல்லா. இனிமே ஒனக்கு அது எதுக்கு..."

பாதியில் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒழுகுதாய்யா?"

"தெரியல. ரெண்டாப் பிரிஞ்சுது. நான் பாக்கல."

"நீ பாக்காட்டி என்ன? தச்சவரு பாப்பாரு. அவருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?" அதட்டிக்கொண்டே குளிக்கிற மக்கை எடுத்து நீட்டினாள். "மொதல்ல தண்ணியக் குடி. பயந்துக்கிட்டு வயித்தக் காயப் போடாத."

கழிப்பறை வரிசையில் அடுத்த வீட்டு ஜம்பு திரும்பிப் பார்த்தார். "என்ன டப்பா ஹரி, மறுபடியும் வயிறு கடபடா?"

"ஆமாண்ணே."

உள்ளே பல்பு மங்கல். இந்த முறை குனிந்து பார்த்தான். ஒன்றா, இரண்டா, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பார்த்தான்.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தான்.

"நாளை: காலையில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அடக்கிக்கொண்டு, அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் எதிரில் நின்றபடி சிறுநீர் போய்க் காட்ட வேண்டும்."