மூன்றாம் தடவை

பிறந்து இரண்டு நாளான குழந்தையின் இடது காதில் செவித்திறன் பார்க்கும் மெஷினின் ரப்பர் நுனியைச் செருகிவிட்டு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலது காது முதல் தடவையே பாஸ். இடது காதுக்கு இது இரண்டாம் தடவை. பிரசவ வார்டை ஒட்டிய ஜன்னலில்லாத அறை அது. கதவைச் சாத்தினால்தான் வார்டுச் சத்தம் உள்ளே வராது. சாத்தினால் மூச்சு முட்டும். திரையில் கோடுகள் ஏறி இறங்கி, மறுபடியும் அதே சொல் வந்து நின்றது: ரெஃபர். பாஸ் இல்லை, மேல்பரிசோதனைக்கு அனுப்பு என்று அர்த்தம்.

நாற்பது குழந்தைகளுக்குக் காது பார்த்தால்தான் பயிற்சி முடிந்ததென்று சீனியர் கையெழுத்துப் போடுவாள். இது நாற்பதாவது. திங்கட்கிழமை வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை, தங்க ஓர் அறையோடு. கையெழுத்து இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவளுக்கு. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று தெருவே அவளிடம்தான் விண்ணப்பம் நிரப்பிக்கொள்ளும். நிரப்பி முடித்ததும் அண்ணி பாத்திரங்களை அவள் பக்கம் நகர்த்துவாள். ஆறு பேர் படுக்கும் கூடத்தில் தையல் மிஷினுக்கு அடியில் கால் நீட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவளுக்கு.

"இன்னொரு தடவ வை," என்றாள் சீனியர், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஒரு காதுக்கு ரெண்டு தடவதான் வைக்கணும்னு ரூல்ஸ்ல போட்டிருக்கே மேடம்."

"போட்டவன் இங்க வந்து நிக்கிறானா? இந்த மாசம் ரெஃபர் ஏற்கெனவே எகிறிடுச்சு. என்னைத்தான் கூப்ட்டு உரிப்பாங்க. விடாம வச்சா மெஷினும் சலிச்சுப்போய் ஒத்துக்கும்."

அவள் பயந்ததும் அதற்குத்தான். விடாமல் வைத்துக்கொண்டே இருந்தால் கேளாத காதும் ஒருமுறை தற்செயலாகப் பாஸ் ஆகிவிடலாம். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிள்ளை பேசவில்லையே என்று வீடு விழித்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும்.

"வைம்மா," என்றாள் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய். "பக்கத்து பெட் பாப்பாவுக்கு நேத்து நாலு தடவ வச்சியாமே. எம்புள்ளைக்கு மட்டும் என்ன ஓரவஞ்சன?"

முகம் சுட்டது. வைத்தது அவள்தான். சீனியர் சொன்னாள், வைத்தாள். முப்பத்தொன்பது ஆயிற்று என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

நுனியை மெல்ல உருவினாள். "ஓரவஞ்சன இல்லக்கா. இந்தக் காதுல சரியா பதிவாகல. உள்ள தண்ணி நின்னாலும் இப்படி வரும். நாலு வாரம் கழிச்சு வந்து இன்னொரு டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். வராம இருந்துடாதீங்க."

"செவிடுங்கிறியா?"

"தெரியலங்கிறேன்."

படிவத்தில் ரெஃபர் என்று எழுதினாள். நேற்றைய தாளைப் புரட்டி, அதிலிருந்த பாஸை அடித்து, 'நான்கு தடவை. ரெஃபர்' என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள்.

சீனியர் இப்போதுதான் போனைக் கீழே வைத்தாள். "படிச்ச திமிரு. அந்த ரெண்டு கொழந்தையும் உன் கணக்குல வராது. இன்னும் ரெண்டு பாத்தாலும் உனக்கு எப்ப கையெழுத்து போடுறதுன்னு நான் யோசிக்கணும். மூணு மாசம்கூட யோசிப்பேன்."

"யோசிங்க மேடம். இங்க வேற என்ன வேலை நடக்குது?"

 திங்கட்கிழமை வேலை போயிற்று. அண்ணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் அந்தப் பக்கத்துப் படுக்கைக்குப் போனாள். அங்கே வீட்டுக்குக் கிளம்பப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதான் பாஸாயிடுச்சே?" என்றாள் அந்தத் தாய்.

"நான் தப்பா எழுதிட்டேன்க்கா," என்றாள் அவள். "உக்காருங்க, சொல்றேன்."