ஒன்பதாம் தளத்தில் ஒரு துண்டு

பிப்ரவரியில் போல்ட்டன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த டெரெக், மே ஆறாம் தேதி காலை எட்டரை மணிக்கு லேடி கான்ஸ்டன்ஸ் கப்பலின் ஒன்பதாம் தளத்தில், நீச்சல் குளத்துக்கு இடப்பக்கம், தன் வழக்கமான சாய்வு நாற்காலியில் வந்து படுத்துக்கொண்டார். தப்பு அவர் மனைவி கிளெனிஸுடையது. பதினோரு வருடமாக மே தோறும் இருவரும் சவுதாம்ப்டனில் இதே கப்பலில் ஏறியவர்கள். இந்த முறை தனியாக வந்த கிளெனிஸ், காலைச் சாப்பாட்டுக்கு முன் கைப்பழக்கத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் இரண்டு துண்டுகளைப் போட்டுவிட்டார். துண்டு போட்ட நாற்காலி என்றால் அந்தக் கப்பலில் கோர்ட் தீர்ப்பு மாதிரி. வாய்க்குள் திட்டுவார்களே தவிர, வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உரியவர் வந்துதான் ஆகவேண்டும்.

முட்டையும் பீன்ஸும் பாதி சாப்பிட்டபோதுதான் கிளெனிஸுக்குத் தான் செய்தது உறைத்தது. ஓடிவந்து பார்த்தால் டெரெக் குறுக்கெழுத்தில் மும்முரமாக இருந்தார். "டீ கொண்டாந்தியா கண்ணு?" என்றார், நிமிராமலே. கிளெனிஸ் அழுதார், அழுதபடியே போய் டீ கொண்டுவந்தார். டெரெக் அதைக் குடிக்கவில்லை, ஆனால் சூடு பத்தவில்லை என்று குறை சொன்னார். மறுநாள் பிஸ்கட் தூளை உதறத் துண்டின் நுனியைத் தூக்கியபோது, அவர் கால்கள் முழங்கால்வரை காணாமல் போயின. திரும்ப விரித்ததும் வந்துவிட்டன. அதிலிருந்து கிளெனிஸின் உயிர் அந்தத் துண்டில்தான் இருந்தது. அரை மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கும் துண்டைத் தளப் பணியாளர் இனாசியோ எடுத்துவிடலாம் என்பது கப்பல் விதி. செத்தவர் ஆள் கணக்கில் வருவாரா என்று விதியில் எதுவும் சொல்லப்படவில்லை. எனவே லிஸ்பன் வந்தது, காடிஸ் வந்தது, கிளெனிஸ் கரையில் கால் வைக்கவில்லை.

"செத்தவன் நான், படுத்துக் கெடக்கறேன். ஒனக்கென்ன கேடு? போய் ஊரப் பாரு" என்று டெரெக் தினமும் சண்டை போட்டார். கடைசியில் டன்டீ ஊர்ப் பயணி மோயிரா நடுவில் வந்தார். அந்த நாற்காலிக்காகப் பதினோரு வருடமும் விடியற்காலையில் துண்டோடு ஓடிவந்து தோற்றவர் அவர்தான்.

"நீ போயிட்டு வா, நான் காவல் இருக்கேன்."

"நீயா?"

"இத்தன வருஷமா இந்த நாற்காலி மேலயே கண்ணா இருக்கேன். என்னைவிட எவ இத நல்லாப் பாத்துப்பா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த துறைமுகமான ஃபுஞ்சாலில் இறங்கிய கிளெனிஸ், மலைச்சரிவில் கூடை வண்டியில் சறுக்கி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சந்தோஷமாக இருந்தார். குறுக்கெழுத்தில் ஏழெழுத்துச் சொல் ஒன்றின் பேரில் டெரெக்கும் மோயிராவும் அதற்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

பயணத்தின் கடைசி நாள், சலவைக்காக எல்லாத் துண்டுகளையும் நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கிளெனிஸ் டெரெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற பயணிகள் கூச்சல் போடவில்லை. கோபம் வந்தால் வரிசையில் நிற்பது அவர்கள் வழக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விசாரணை மேசை முன் நின்று, ஒவ்வொருவராக "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று தொடங்கி, டெரெக்கின் துண்டை எடுக்கக் கூடாது என்ற ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஐம்பதாவது ஆளிலேயே கேப்டன் விதிப்புத்தகத்தோடு மேலே வந்துவிட்டார். "ஐயா, எந்திரிக்கற உத்தேசம் உண்டா?" என்று டெரெக்கிடம் கேட்டார். "இப்போதைக்கு இல்ல" என்றார் டெரெக். அப்படியென்றால் துண்டு உபயோகத்தில் இருக்கிறது என்று தீர்ப்பளித்துவிட்டு, கேப்டன் காற்றின் திசையைப் பார்க்கப் போய்விட்டார்.

சவுதாம்ப்டனில் இறங்கும் காலையில், கிளெனிஸ் இன்னும் ஒப்படைக்காத தன் துண்டை மடிக்கப் போனார். டெரெக் அதன்மேல் கை வைத்தார்.

"அதை விட்டுட்டுப் போ. ஒன் எடத்த நான் பாத்துக்கறேன். அவசரமில்ல, மெதுவா வா."

இது நடந்து ஏழு வருடமாகிறது. கிளெனிஸ் வருடா வருடம் மே மாதம் வந்து இரண்டு வாரம் அதில் படுத்துவிட்டுப் போகிறார். மற்ற மாதங்களில், கப்பலுக்குப் புதியவர்கள் யாராவது டெரெக்கின் பக்கத்து நாற்காலி காலியா என்று கேட்டால், இனாசியோ துண்டை நீவிவிட்டுச் சொல்கிறார்: "இல்லங்க, ஆள் வராங்க."