இரவல் மூச்சு

"உன் மூஞ்சியையும் தொண்டையையும் தனித்தனியா வித்தா, எதுக்கும்மா கூடுதல் விலை கிடைக்கும்?"

முதல் படத்துக்குப் பேச வந்த தயாரிப்பாளர் இப்படித்தான் கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ரெண்டும் ஒரே உடம்புல இருக்குங்க. பிரிச்சீங்கன்னா ரெண்டும் செத்துப்போகும்."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. கதவோரம் நின்றிருந்த தங்கைக்குப் புல்லரித்தது. வீட்டில் பல்லியைப் பார்த்து அலறுகிற அக்காவா இது?

அன்றிலிருந்து தங்கைக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கம்பளி மப்ளருமாக அக்கா போகிற ஸ்டூடியோவுக்கெல்லாம் பின்னாலேயே போனாள். பிரமிப்பு ஒரு நோய் என்றால் அவளுக்கு அது தீரவே இல்லை.

அந்தக் காலத்தில் நடிக்கிறவர்களேதான் பாட வேண்டும். அதுவும் கேமரா ஓடும்போதே. மைக்கைப் பூந்தொட்டிக்குள் ஒளித்துவைப்பார்கள். ஆர்மோனியக்காரர் அட்டைப் புதருக்குப் பின்னால் குந்தியிருப்பார். ஒருமுறை வயலின்காரரைப் பொய் மரத்தின் கிளையில் ஏற்றிவிட்டார்கள். பாட்டு உச்சத்தில் இருந்தபோது கிளை முறிந்து, வில்லும் ஆளுமாகக் கதாநாயகன் காலடியில் வந்து விழுந்தார். கதாநாயகன் அலறியடித்துக்கொண்டு ஓடினான். அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. விழுந்து கிடந்தவரையே காதலனாக நினைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தே மிச்சப் பாட்டையும் பாடி முடித்தாள். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வயலின்காரர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "இப்படிப் பாடுறதா இருந்தா தினமும் விழறேம்மா" என்றார்.

பிறகு காலம் மாறியது. பாட்டை முன்னாலேயே பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, வாயசைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. மற்ற நடிகைகளுக்கு அப்பாடா என்று இருந்தது. அக்கா மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. ஒலிபெருக்கியில் தன் பாட்டு ஓட ஓட, கூடவே முழுத் தொண்டையில் பாடித்தான் நடிப்பாள்.

"எதுக்கும்மா வீணா கத்திக்கிட்டு?" என்று டைரக்டர் கேட்டால், "உதடு பொய் சொல்லும் சார். கழுத்து நரம்பு சொல்லாது" என்பாள்.

பாடிய சூட்டோடு வெளிக்காற்று பட்டால் தொண்டை கட்டிவிடும். அதனால் ஸ்டூடியோ வாசலைத் தாண்டுமுன் தங்கை அவள் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிடுவாள். கொளுத்துகிற வெயிலிலும் இந்தக் கூத்து நடக்கும். தளத்தில் அக்காவுக்கு 'மப்ளரம்மா' என்றே பெயர். ஒருநாள் லைட்காரர் ஒருவர் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு வெலவெலத்துப்போனார். "சொல்லுங்க, மப்ளரம்மாகிட்ட என்ன வேணும்?" என்றாள் அக்கா. தளமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

படம் வெளியானால் தங்கை தியேட்டருக்குப் போய்த் திரையைப் பார்க்க மாட்டாள். ஜனங்களின் முகத்தைத்தான் பார்ப்பாள். பாட்டு தொடங்கியதும் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை விழுங்குவார்கள். மடியில் அழுத குழந்தை, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கும். நம் வீட்டுக் குளியலறையில் கேட்கிற குரல்தானே, இதற்கா இப்படி என்று தங்கை வியந்து வியந்து ஓய்ந்தது கிடையாது.

அந்தக் குரல் ஒரு காய்ச்சலில் போயிற்று.

காய்ச்சல் விட்டது, தொண்டை வீக்கமும் வடிந்தது. பேச்சு வந்தது. பாட்டில் கீழ் சுரங்களும் வந்தன. மேலே போனால் மட்டும் காய்ந்த மரம் பிளக்கிற சத்தம். "ஓய்வு குடுங்க, வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். தங்கை 'வரலாம்' என்பதை மட்டும் காதில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் இசையமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கென்றே மெட்டுப் போட்டுப் பேர் வாங்கியவர். காபியைக் குடிக்காமல் டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"படம் உங்களுக்குத்தாம்மா. அதுல மாத்தமில்ல. பாட்டு மட்டும் புதுசா ஒரு பொண்ணு பாடியிருக்கு."

"அடுத்தவ குரலுக்கு எங்கக்கா வாயசைக்கணுமா? இதைச் சொல்ல உங்களுக்கு எப்படிண்ணே வாய் வந்தது?" என்று தங்கை பாய்ந்தாள்.

"கோவப்படாதம்மா. உங்கக்கா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பாட்டையே தூக்கிடறேன். டைரக்டரும் சரின்னுட்டாரு. என்ன, அந்தப் பொண்ணுக்கு இதுதான் முதல் பாட்டு. அதோட அது மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்."

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷூட்டிங் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கைக்குப் பயம் வேறு. இந்த வாயிலிருந்து ஒருதடவை இன்னொருத்தி குரல் வந்துவிட்டால் போதும், ஜனங்கள் பழகிவிடுவார்கள். பிறகு அக்காவின் குரல் திரும்பி வந்தாலும் அதைக் கேட்டு யார் வருவார்கள்? ஷூட்டிங் அன்று கார் ஸ்டூடியோ போகிறவரை, "வேண்டாம்னு சொல்லுக்கா, ஒரே ஒரு வார்த்தை" என்று நச்சரித்தாள். அக்கா பிடி கொடுக்கவில்லை.

தளத்தில் மாடி வீட்டு முகப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அக்கா மாடத்தில் நின்றாள். கேமரா ஓடியது, பாட்டு ஓடியது. பழக்கதோஷம், அக்கா தொண்டையைத் திறந்து கூடவே பாடத் தொடங்கிவிட்டாள். முதல் இரண்டு வரி எப்படியோ போயிற்று. மூன்றாவது வரி மேலே ஏறியதும் குரல் கிழிந்தது. ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அது இன்னும் மோசமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று நின்றுவிட, அக்காவின் கிழிந்த குரல் மட்டும் அத்தனை பேர் தலைக்கு மேலேயும் தனியாகத் தொங்கியது.

ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

அடுத்த தடவை அக்கா சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. ஆனாலும் டைரக்டர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பாட்டு ஒரு பக்கம் ஓடுது, உங்க நெஞ்சு வேற பக்கம் ஏறி இறங்குது. யாரோ பாடுறாங்கன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிடும்."

விஷயம் அதுதான். வாழ்நாளெல்லாம் நிஜமாகப் பாடியவள், தான் பாடினால் எங்கே மூச்சு இழுப்பாளோ அங்கேயே இழுத்தாள். பாடாமல் வாயசைத்தே பழகிய நடிகைக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது.

"அந்தப் பொண்ணு எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

இசையமைப்பாளர் முகம் வெளுத்தது. "வாசல்லதாம்மா, பாட்டு நிக்குமா போகுமான்னு வேன்ல உக்காந்திருக்கு. அதை எதுக்கு..."

"கூட்டிட்டு வாங்க."

இன்றோடு அந்தப் பாட்டுக்காரி தொலைந்தாள் என்று தங்கை நினைத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான கழுத்து. அழுது துடைத்த முகம்.

"பாடு" என்றாள் அக்கா.

"இங்கேயா? மைக் இல்லாமலா?"

"என் எதிர்ல நின்னு பாடு. எனக்குக் கேட்டாப் போதும்."

நடுக்கத்தோடு தொடங்கிய குரல், போகப் போக எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஏறியது. அக்கா அவள் வாயைப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சுக்குழியைப் பார்த்தாள். மூன்றாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இந்த இடத்துல நீ மூச்சு எடுக்கலையே?"

"தேவைப்படலைங்கம்மா" என்றாள் அவள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல.

அக்கா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்குத் தேவைப்பட்டிருக்கும்" என்றாள். "எப்பவுமே தேவைப்பட்டிருக்கும். ம், மறுபடி பாடு."

திரும்பத் திரும்பப் பாடவைத்தாள். அந்தப் பெண் இழுக்கும்போது இவளும் இழுத்தாள், அவள் விடும்போது இவளும் விட்டாள். கடைசியில் இரண்டு நெஞ்சும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஏறி இறங்கின. "நீ கேமராவுக்குப் பக்கத்துல நில்லு. போயிடாதே" என்று சொல்லிவிட்டு அக்கா மாடத்தில் ஏறினாள்.

அன்று நடந்ததைத் தங்கை பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லப் பார்த்திருக்கிறாள். சொல் வந்ததில்லை.

பாட்டு ஓடியது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. தோள் உயர்ந்தது. மூன்றாவது வரி ஏற ஏற, மூச்சு எடுக்காமல், கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, அவள் அதன் மேலேயே ஏறிப் போனாள். லைட்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாடத்துக்குக் கீழே நின்ற தங்கை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தத் தொண்டையின் செருமலைக்கூட இருட்டில் அடையாளம் சொல்லக்கூடியவள் அவள். அங்கிருந்து பொட்டுச் சத்தம் வரவில்லை. ஆனாலும் பாடுவது அக்காதான் என்று அவள் உடம்பு முழுக்கச் சத்தியம் செய்தது. காய்ச்சலே வராத, இன்னும் பதினாறே வயதான ஓர் அக்கா.

கேமரா பக்கத்தில் நின்ற அந்தப் பெண், தன் குரல் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பவள்போல, தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"ஓகே" என்றார் டைரக்டர், கரகரத்த குரலில்.

அக்கா படியிறங்கி வந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது, ஈரக்காற்று உள்ளே அடித்தது. தங்கை எப்போதும்போல மப்ளரை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அக்கா கிட்டே வந்தாள். நின்றாள். கம்பளியின் நுனியை விரலால் ஒருமுறை நீவினாள். அதை மடித்துத் தங்கையின் கையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு தூறலில் இறங்கி நடந்தாள்.