கயிறு விழுந்த இடம்

பதுளை பஸார் தெருவில் றவூப் நடத்திய ஸ்டூடியோவில் ஒரு சேலை இருந்தது. ஊதா நைலெக்ஸ், உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பூக்கள். படம் பிடிக்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அதைக் கட்டிவிடுவது அவர் மனைவி காமிலாவின் வேலை. ரவிக்கையும் எல்லோருக்கும் ஒன்றுதான். மெலிந்தவளுக்கு முதுகில் ஊசி குத்திச் சுருக்குவாள். பருத்தவளுக்கு முதுகைத் திறந்தே விட்டுவிடுவாள். முன்பக்கம்தானே படத்தில் விழும்!

"நம்மட சாரி ஏறாத லயத்து வீடு பசறைப் பக்கம் இல்ல" என்று றவூப் சிரிப்பார்.

அந்த வருசம் சிரிப்பு குறைந்துபோயிருந்தது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தில் கோச்சி போவதும், ஸ்டேசனில் எழும் ஒப்பாரி பஸார்வரைக்கும் கேட்பதுமாக இருந்தது. பூவம்மா படம் பிடிக்க வந்தது அப்படியொரு நாளில்தான்.

"பாஸ்போட்டுக்கா?" என்றாள் காமிலா.

"அது தோட்டத்துக்கே வந்து புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. இது எம்மக நல்லம்மாவுக்கு. அவ புருசன் வீட்டுக்கு இங்கயே பிரஜா உரிமை கெடைச்சிருச்சு. நாங்க போறோம், அவ இருக்கா. கண்ணு முன்னால ஏதாச்சும் ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்."

சேலையைக் கட்டி, பவுடர் பூசி, தலையில் கிடந்த துண்டை எடுத்தபோது பூவம்மா சட்டென்று உச்சியைக் கையால் மறைத்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு முப்பது வருசமாய் அழுத்திய இடத்தில் முடி இல்லை. ஒரு காதிலிருந்து மறு காதுவரை, தேய்ந்த ஒற்றையடிப் பாதை மாதிரி பளபளத்தது.

"அசிங்கமா இருக்கும்மா. துண்டோடயே எடுத்துருங்களேன்."

"துண்டோட எடுத்தா படம் எடுபடாது. நீங்க பயப்படாதீங்கோ, அத நா பாத்துக்குவன்."

"அழிச்சிருவீங்களா?"

"அடையாளமே தெரியாது."

பூவம்மாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் றவூப் பிடித்தார். "மக வந்து வாங்கிக்குவா. நாங்க வெள்ளிக்கெழமை கோச்சில போறோம்" என்று சொல்லிவிட்டு, தன் நைந்த சேலைக்கு மாறிக்கொண்டு போனாள்.

நெகட்டிவைச் சாய்வுக் கண்ணாடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் காமிலாவுக்குச் சோறு தண்ணி மறந்துவிடும். முகச் சுருக்கங்களைக் கூரிய பென்சிலால் நிரப்பினாள். தலையில் விழுந்திருந்த அந்தத் தடத்துக்குப் பென்சில் ஆகாது. நெகட்டிவில் பூசிய மருந்தைப் பிளேடு முனையால் சுரண்டினால்தான் அச்சில் முடியைப் போலக் கறுக்கும். இடது காதுக்கு மேலே அது எங்கே வளைகிறது, நடுவில் எங்கே அகலம் என்று பார்த்துப் பார்த்து, ஒரு பகல் முழுக்கச் சுரண்டினாள்.

"பாத்து, கெழவிய கொமரியாக்கிராதீங்கோ" என்றார் றவூப்.

"எண்ட வேலைய எனக்குத் தெரியும்."

நல்லம்மா வந்தபோது பூவம்மா கடல் தாண்டிப் போயிருந்தாள். உறையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தவள், திருப்பி நீட்டினாள்.

"வேற யாரோட படத்தயோ குடுத்திட்டீங்கம்மா."

"பூவம்மாட மகதானே? இதுதான் புள்ள."

"இல்லீங்க. இந்தச் சீல எங்க லயத்துலயே ஆறு வீட்டுச் சொவத்துல தொங்குது. அதுல ஒருத்தியாத்தான் இருக்கும். உள்ள தேடிப் பாருங்க."

"கண்ண நல்லாப் பாருங்கோ."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணியது. "எங்கம்மாவ என்னங்க பண்ணிட்டீங்க?"

காமிலா நெகட்டிவைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் நனைத்துப் பென்சில் கோடுகளைத் துடைத்தாள். உள்ளே போய் இன்னொரு பிரதி போட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். சுருக்கங்கள் திரும்பியிருந்தன. வாயோரத்து மடிப்பு, கண்ணடிப் பை, எல்லாம்.

"ஆத்தாடி! இதுதாங்க, இதுதான்" என்றாள் நல்லம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தலைத் தடத்தையும் கொண்டாந்துருங்க. சாயந்தரமானா அதுல நாந்தான் எண்ண தேச்சு விடுவேன். ‘எரியுதுடி, மெதுவா’ங்கும் அம்மா."

"பென்சிலப் போட்டா தொடச்சிரலாம் புள்ள. அத நா பிளேடால சுரண்டிட்டன். திரும்பி வராது."

நல்லம்மா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அந்த உச்சியையே பார்த்தாள்.

"ஒண்டு செய்யலாம். படத்து மேல பெயின்டால வரஞ்சு தாறன். எந்த இடத்திலண்டு காட்டுங்கோ."

நல்லம்மா படத்தின்மேல் விரலைக் கொண்டுபோனாள். "இங்க... இல்லீங்க, கொஞ்சம் முன்னால..." தன் தலையைத் தடவிப் பார்த்தாள். மறுபடி படத்துக்கு வந்தாள். விரல் அங்குமிங்கும் அலைந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"போயி ஒரு மாசங்கூட ஆகலீங்களே!"

காமிலா படத்தை உலர்த்திவிட்டுத் தூரிகையை எடுத்தாள். அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. இடது காதுக்கு மேலே வளைந்து, நடுவில் அகன்று, வலப்பக்கம் மெலிந்து, கை தானாகப் போயிற்று.

"ஆமாங்க, இதேதாங்க" என்றாள் நல்லம்மா, அவசரமாக. ஒரு விரற்கடை தள்ளிப் போட்டிருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று காமிலாவுக்குப் பட்டது.

"இந்தப் பெயின்டு தண்ணில கரையும். ஈரக் கை படாமப் பாத்துக்கோங்கோ."

நல்லம்மா தன் கைகளைப் பார்த்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள், பனியில் ஊறி வெடித்தவை. எண்ணெய் தேய்த்துப் பழகிய விரல் ஒன்று படத்தை நோக்கிப் போய், தொடாமல், அந்தரத்தில் நின்றது.

வெளியே மழை பிடித்திருந்தது. படத்தை ரவிக்கைக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் மார்பைப் பொத்திக்கொண்டு, அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.