மர ஆலையின் கடிதம்

...அதே கையெழுத்துதான், கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு போடும் அதே கை, மூன்று கோப்புகளில், மூன்று வேறு காடுகளுக்கு, ‘இங்குள்ள மரங்களை வெட்டி எடுத்துக்கொள்ள எங்கள் ஆலை தயார்’ என்று, காட்டின் பெயரும் தேதியும் மட்டும் வேறு. காலையில்தான் மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன், அதில் ஒன்று நான் அளந்த காடு. அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், மேடையில் அக்கா பேசுகிறாள், கூடப் பிறந்தவள் இல்லை, பதினோரு வருடமாக ஒரே அலுவலகம், என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவள், அப்படியே அக்காவாகிவிட்டாள்... கார்பன் கிரெடிட் சந்தை அடுத்த ஐந்து வருடத்தில் எங்கே போகும் என்று திரையில் ஒரு கோடு ஏறுகிறது, விமான நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும், நாடுகளே ஒன்றுக்கொன்று விற்கத் தொடங்கிவிட்டன, மட்டமான கிரெடிட்டை இனி யாரும் சீந்த மாட்டார்கள், நம்பகமானதற்குத்தான் விலை... நம்பகம் என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான்தான் அந்த நம்பகம், காட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள்.

என்னத்தைச் சரிபார்த்தேன்? நான்கு மாதம், மரம் மரமாக, நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி, அளவெடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, அட்டை கடித்த காலோடு... ஒரு சென்டிமீட்டர் தவறியிருக்காது. ஆனால் சும்மா நிற்கும் காட்டுக்கு யாரும் கிரெடிட் தருவதில்லை, வெட்டப்படவிருந்த காடு பிழைத்து நிற்க வேண்டும், வெட்டியிருந்தால் கிளம்பியிருக்கும் புகை கிளம்பாமல் போனதற்குத்தான் கிரெடிட், அதை வாங்குகிறவன் தன் புகையை அதில் கழித்துக்கொண்டு நிம்மதியாகப் புகை விடுவான். ஆக, எல்லாமே அந்த ஆலைக் கடிதத்தை நம்பித்தான். அதைக் காட்டியபோது அக்கா கண் கலங்கினாளே, “ஆறே மாசம்தான்டி, அப்புறம் மொட்டைதான்” என்றாளே, நானும் சேர்ந்து அழுதேனே, அசடு... அந்தக் கண்ணீருமா பொய்? காலையில் மூன்று கோப்புகளையும் அவள் முன்னால் பரப்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அந்த ஆலைய மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. மரம் நிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லு.” நிக்குதுக்கா. “அப்புறம் என்ன? நீ மேடையில வந்து நின்னாலே போதும், நம்பிடுவாங்க.” கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லாதவள், என்னைக் காட்டி ஊரையே நம்பவைக்கிறாள், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

கைதட்டல். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஏறுகிறேன், கிரெடிட் வாங்க வந்திருக்கும் விமான நிறுவனத்துக்காரர் எழுந்து, “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மேடம், அந்தக் காட்ட நிஜமாவே வெட்டியிருப்பாங்களா?” என்கிறார். சொல்லிவிடலாம், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரே வரி, அதோடு அக்காவும் இல்லை, வேலையும் இல்லை, போகட்டும்... வாயைத் திறக்கும்போதுதான் காட்டுக்குப் போன அந்த முதல் நாள் நினைவில் வருகிறது, சாலை முடிந்த இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க நடந்தது, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு ஆறு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் நான், ஆமாம் நானேதான், “இங்கேர்ந்து ஒரு கட்டையக்கூட வெளிய கொண்டுபோக முடியாதுண்ணே” என்று சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார். மைக் என் கையில் இருக்கிறது, அவர் காத்திருக்கிறார், ஏமாந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்...