எண்ணெய் வைக்கிற கை

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்த 1943 ஏப்ரல் கடைசியில் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு ஊர் முழுக்க விடுமுறை விட்டார்கள். கிள்ளானில் ரோட்டு வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லைனில் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்வது, அவர்களுக்கு மேஸ்திரியான மண்டோர் சபாபதியின் வேலை. எல்லோரும் காலையில் திடலுக்கு வந்து கிழக்கே சக்கரவர்த்தி இருக்கும் திசை பார்த்துக் குனிய வேண்டும். பிறகு கொட்டகையில் இலவசமாகப் படம் காட்டுவார்கள், ஆம்பளைகளுக்கு அரிசியும் கொடுப்பார்கள். ரோட்டு ஆபீசில் இதைச் சொல்லி, கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைப் பட்டையும் தந்திருந்தார்கள்.

அடுத்த வீட்டுச் சின்னையா வரவில்லை என்றான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் அண்ணே. லெட்சுமி தனியா இருக்கா."

"அட, வா லா! அரிசி குடுக்கிறான்டா. புள்ளைக்குக் கஞ்சியாவது வெச்சுக் குடுக்கலாமே. நான்தான் கூட இருக்கேன்ல?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சின்னையா சட்டையை மாட்டினான்.

திடலில் குனிந்து நிமிர்ந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் லோரிகள் நிற்பதைச் சபாபதி பார்த்தார். அரிசி கொண்டுவந்த லோரிகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அரிசிக்கு எதற்குத் துப்பாக்கிக்காரர்கள் என்று உள்ளே எழுந்த கேள்வியை அமுக்கிவிட்டார்.

படம் ஓட ஆரம்பித்ததும் முன்கதவைச் சாத்தினார்கள். ஆம்பளைகளைப் பின்வாசல் வழியாக லோரிகளுக்கு விரட்டினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். கையில் பட்டை கட்டியவர்களை மட்டும் வெளியே போகச் சொன்னார்கள். சபாபதி வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மண்டோர் அண்ணே! பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லுங்கண்ணே! அண்ணே!"

நன்றாகவே கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் தன்னையும் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். நடையைக்கூடக் குறைக்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டார்.

லைனில் பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுதபோது, "என்னையும் ஏத்தத்தான் பார்த்தான், எப்படியோ தப்பிச்சு வந்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்னையாவின் மனைவி லெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, "நீங்களாவது வந்தீங்களே அண்ணே" என்றாள். அன்று இரவு மனைவி இராஜம்மா வைத்த மரவள்ளிக் கிழங்கைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அக்டோபரில் தீபாவளி வந்தது. புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை, மரவள்ளி மாவில்தான் முறுக்கு. ஆனாலும் அந்த லைனின் வழக்கப்படி, மூத்த ஆம்பளை கையால் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைக்க வேண்டும். லைனில் மூத்தவர் சபாபதிதான். காலையில் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். இராஜம்மா விடவில்லை.

பிள்ளைகளெல்லாம் வைத்துக்கொண்டு போனபின் லெட்சுமி வந்தாள். ஒரு கையில் பாப்பா, மறுகையில் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

"தம்புசாமி வந்துட்டான் அண்ணே" என்றாள். தம்புசாமி அன்றைக்கு லோரியில் போனவர்களில் ஒருவன். "பத்து தீகா பக்கத்துல குதிச்சுத் தப்பிச்சு, இத்தனை நாளா தோட்டத்துல ஒளிஞ்சிருந்தானாம். எல்லாத்தையும் சொன்னான்."

சபாபதி எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அவரு கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க."

"கேட்டுச்சு."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் தேவலை. அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

"வைங்க. வருசா வருசம் உங்க கையாலதான் வைக்கணும்னு அவரு சொல்லுவாரு. அவரு இல்லேன்னு புள்ளை தலை காய வேண்டாம்."

மற்ற பிள்ளைகளுக்குச் சொன்ன 'நல்லா இரு' பாப்பாவிடம் வாயில் வரவில்லை. உச்சியில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்தது. கூச்சம் தாங்காமல் பாப்பா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே ஆபீசில் மறுபடி கூப்பிட்டார்கள். நவம்பர் மூன்றாம் தேதி இன்னொரு விடுமுறை. பழைய சக்கரவர்த்தி ஒருவரின் பிறந்தநாளாம். அதே திடல், அதே படம், அதே அரிசி. சபாபதி பட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"வரச் சொல்லி அனுப்பியிருக்கான். யாரும் வந்துடாதீங்க. ஆம்பளைங்க எல்லாம் டெங்கில் தோட்டத்துப் பக்கம் போயிடுங்க."

பட்டையைக் கண்டதுமே சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அதையே சொன்னார்.

விடுமுறையன்று திடலில் கிழவர்களும் பெண்களும்தான் இருந்தார்கள். அதிகாரி சபாபதியைக் கன்னம் கன்னமாக அறைந்து, பட்டையைப் பிடுங்கி, ரோட்டோரத்தில் வெயிலில் மண்டியிட வைத்தான். சாயங்காலம் இராஜம்மா அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். டெங்கிலிலிருந்து திரும்பியவர்கள் அவர் வாசலில் கூடி, "லைனையே காப்பாத்திட்டீங்க மண்டோரே" என்றார்கள். வீங்கிய முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "போங்கப்பா, போங்க" என்றார். அந்தப் பேச்சு அறையைவிட அதிகமாக எரிந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சின்னையா வரவில்லை. காலராவில் போய்விட்டான் என்று கூட இருந்தவன் சொன்னான்.

லெட்சுமி சுங்கை வேயில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். மாட்டு வண்டியில் சாமானை ஏற்றிவிட்டு, லைனில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். சபாபதி வீட்டுக்கும் வந்தாள்.

"அண்ணன் இருக்காரா அக்கா?"

இராஜம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சபாபதி, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"பாசாருக்குப் போயிருக்காரும்மா."

"வந்தா, நான் சொல்லிக்கிட்டுப் போனேன்னு சொல்லிடுங்க" என்று லெட்சுமி படியிறங்கினாள்.