எதையும் பார்க்காத குப்பி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா சாப்பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு விஷயத்தைத் திருடிக்கொண்டேன். பழ ஈக்களுக்கு எப்படி வயதாகிறது என்று ஆராய்கிறவள் அவள். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈக்கள்தான். அக்கா என்றால் பெரிய மூப்பு ஒன்றுமில்லை. நாங்கள் இரட்டையர், அவள் முண்டியடித்துக்கொண்டு முதலில் வெளியே வந்துவிட்டாள். அதற்கே ஆயுள் முழுக்க அதிகாரம்.

'ஆய்வகத்தின் வெள்ளை வெளிச்சத்தில், தனிமையில், அவள்—'

இப்படி ஆரம்பிக்க வேண்டாம். தனிமையாவது ஒன்றாவது. கூடவே ஆயிரக்கணக்கில் ஈ இருந்தது.

2

அவள் சொன்னது இதுதான். ஒரே நாளில் பிறந்த ஈக்களை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து வைப்பாள். ஒன்றில் மட்டும் செத்த ஈக்களையும் போடுவாள். அந்தக் குப்பியில் இருப்பவை இளைத்து, சீக்கிரமே கிழடு தட்டிச் சாகும்.

"ஏதாவது நோய் தொத்திக்கும்," என்றேன்.

"இருட்டுல வச்சா ஒண்ணும் ஆகலையே. பார்த்தாதான்டா வயசாகுது."

"அப்போ இன்னொரு குப்பி எதுக்கு?"

"அது கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்க்க. எதையும் பார்க்காத குப்பி. அது இல்லேன்னா நான் சொல்றத ஒருத்தனும் நம்ப மாட்டான்."

[வாசகருக்கு: இதுவரை இந்தக் கதையில் மனிதர் யாரும் சாகவில்லை. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்.]

3

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் வெளியூரில் இருந்தேன். நான் வந்து சேரும்வரை அக்கா பகல் முழுக்க அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே கால் வைத்ததும் ஓடிவந்து என் கண்களைப் பொத்தினாள்.

"பார்க்காதடா. நீயாவது பார்க்காத."

அப்படியே பக்கத்து அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். அப்பாவை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அன்று அதைப் பாசம் என்று நினைத்து அழுதேன்.

அதன் பிறகு சில மாதங்களில் அவள் தலை முழுக்க வெளுத்தது. கன்னம் ஒட்டி முதுகு வளைந்தது. [மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். முதலில் 'கொஞ்சம் நரைத்தது' என்றுதான் எழுதினேன். பொய், அடித்துவிட்டேன்.] செருப்புக் கடைக்குப் போனால் விற்பனைப் பெண் என்னிடம், "அம்மாவுக்கு நாற்காலி போடட்டுமா சார்?" என்கிறாள்.

"போடச் சொல்லுடா மகனே," என்று அக்கா சிரிக்கிறாள்.

4

அக்கா என்ற இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. வாராவாரம் என்னை எடை பார்க்கிறாள். இமையை இழுத்துப் பார்க்கிறாள். தலையில் ஒரு நரைகூட இல்லையென்று தடவித் தடவிப் பூரிக்கிறாள். தெருவில் சவ வண்டி போனால் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறாள். தம்பி நன்றாக இருக்க வேண்டுமென்றா, கன்ட்ரோல் கெட்டுவிடக் கூடாதென்றா? நேராகவே கேட்டுவிட்டேன்.

"ரெண்டும்தான். பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா நான் ஏன்டா ஈயோட மாரடிக்கிறேன்?"

5

இனி மறைத்துப் பயனில்லை. இதை அவள் அறைக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில், "இன்னைக்கு ரொம்ப முடியலடா," என்றாள். டாக்டர் வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தாள். "நான் கூப்பிடாம கதவத் திறக்காத. என்ன ஆனாலும் நீ பார்க்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இப்போது மதியம். முதலில் இருமல் கேட்டது. பிறகு நான் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ சத்தம். கூப்பிட்டாளா, முனகினாளா, தெரியவில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினேன். பதில் இல்லை.

கதவடி இடுக்கு வழியாக ஒரு பழ ஈ வெளியே வந்தது. பின்னாலேயே இன்னும் சில. உள்ளே வாழைப்பழம் இருக்கும். இருக்க வேண்டும்.

முடிவு அ: திறக்கிறேன். "இவ்ளோ நேரமாடா எருமை?" என்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: திறக்கிறேன். கட்டிலில் அவள்—

(எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் பார்க்க வேண்டியிருக்கும்.)

முடிவு இ: திறக்கவே இல்லை. கருகருவென்ற தலையோடு நெடுங்காலம் வாழ்கிறேன். அவள் ஆராய்ச்சி ஜெயிக்கிறது.

6

பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது. அவள் உள்ளே ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தால்? சத்தியம் என்ற பெயரில் நான் என் தோலைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? சேர்ந்து பிறந்தோம். அவள் மட்டும் ஏன் தனியாகக் கிழவியாக வேண்டும்?

எழுந்துவிட்டேன். ஒரு கை கைப்பிடியில். கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்கப்போகிறேன், அவ்வளவுதான் என் தைரியம். அவள் திட்டினால் நல்லது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். சத்தமே வராவிட்டால், நீங்கள் பாருங்கள். பார்த்துவிட்டு என் தோளைத் தொடுங்கள், போதும். நானும் கண்ணைத் திறந்துகொள்கிறேன்.